ஏசி சர்வீஸுக்குக் கொடுக்குற 700 ரூபாய் திரும்பி வருமா? ஈபி பில்லை வச்சு ஒரு கணக்கு



மாசி பிறந்தாச்சு. இன்னும் மூணு வாரம் போனா நம்ம மாவட்டத்துல ஏசி மெக்கானிக்கைப் பிடிக்கிறது, கல்யாண சீசன்ல சமையல்காரரைப் பிடிக்கிற மாதிரி ஆயிடும். போன் எடுக்க மாட்டாங்க, எடுத்தா "நாளைக்கு வாறேன்"னு சொல்லுவாங்க. அந்த நாளைக்கு எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. அதனாலதான் இந்தப் பதிவை இப்பவே எழுதுறேன்.

ஏசி சர்வீஸ் பத்தி நம்ம ஊர்ல ரெண்டு கட்சி இருக்கு. "சர்வீஸ் பண்ணுங்க, கரண்ட் பில் பாதியாக் குறைஞ்சிரும்"னு சொல்ற கட்சி ஒண்ணு. அது பெரும்பாலும் சர்வீஸ் விக்கிறவங்க கட்சி. "அதெல்லாம் காசு பிடுங்குற வேலை, ஓடுற வரைக்கும் ஓடட்டும்"னு சொல்றது இன்னொரு கட்சி. நான் ஆடிட்டர். யார் சொன்னாங்கன்னு பார்க்குறது என் வேலை இல்லை, கணக்கு என்ன சொல்லுதுன்னு பார்க்குறதுதான் வேலை. கணக்குப் போட்டுப் பார்த்தா ரெண்டு கட்சி சொல்றதும் முழுசா சரி கிடையாது. சில வீடுகளுக்கு சர்வீஸ் செலவு ஈபி பில்லிலேயே திரும்பி வந்துரும். சில வீடுகளுக்குப் பில்லில் வரவே வராது, ஆனாலும் செய்யணும். காரணம் வேற. உங்க வீடு எதுன்னு பார்ப்போம்.

அழுக்கு ஏசி ஏன் கூடுதல் கரண்ட் இழுக்குது?

ஏசி குளிர்ச்சியை உண்டாக்குறது இல்லை. ரூமுக்குள்ள இருக்குற சூட்டை எடுத்து வெளியில தள்ளுது, அவ்வளவுதான். உள்ளே இருக்குற காயில் சூட்டை வாங்கும், அவுட்டோர் யூனிட்ல இருக்குற காயில் அதை வெளியே விடும். ரெண்டு காயில் மேலயும் காத்து தாராளமாப் போனாத்தான் இந்த வேலை நடக்கும். ஃபில்டர்ல தூசி அடைச்சாலோ, காயில் தகடுகளுக்கு நடுவுல படலம் படிஞ்சாலோ காத்து குறையும். ரூம் நீங்க வச்ச டிகிரிக்கு வர நேரம் பிடிக்கும். கம்ப்ரஸர் அத்தனை நேரமும் ஓடும். மீட்டரும் ஓடும்.

நம்ம ஊருக்கு இதுல ஒரு தனிப் பிரச்சனை உண்டு. இங்கே சூட்டை விடப் புழுக்கம்தான் பெருசு. வில்லிஸ் கேரியர் 1902-ல் நியூயார்க் பக்கம் ஒரு அச்சகத்துக்காக முதல் ஏசியை வடிவமைச்சதே காத்துல இருக்குற ஈரத்தைக் குறைக்கத்தான், ஆளுங்க சொகுசா இருக்குறதுக்காக இல்லை. அந்த வேலையை நாகர்கோவில்ல உங்க ஏசி தினமும் செய்யுது. உள் காயில் எப்பவும் நனைஞ்சே இருக்கும். நனைஞ்ச இடத்துல தூசி பட்டா ஒட்டிக்கும், பிறகு பூஞ்சை பிடிக்கும், அந்தக் கசடு இறங்கி டிரெய்ன் பைப்பை அடைக்கும். சுவர்ல தண்ணி வழியறது, ஏசி போட்ட உடனே ஈரத்துணி வாடை வர்றது எல்லாம் இந்த வகைதான்.

சரி, எவ்வளவு கூடுதல் கரண்ட்? அமெரிக்க அரசின் எரிசக்தித் துறை சொல்ற கணக்கு: அடைச்சுப்போன ஃபில்டரை மாத்திட்டு சுத்தமான ஃபில்டர் போட்டா ஏசியோட மின்செலவு 5 முதல் 15 சதவீதம் வரை குறையலாம். "பாதியாக் குறையும்"ங்கிறவங்க இதைப் படிக்கணும். அதிகபட்சம் 15, பாதி இல்லை. அதுவும் ஏசியோட பங்குக்கு மட்டும், மொத்த பில்லுக்கு இல்லை. இன்னொண்ணும் கவனிங்க. அந்தக் கணக்கு ஃபில்டரைப் பத்தினது. ஃபில்டரைக் கழுவ மெக்கானிக் வேண்டாம். முன்மூடியைத் தூக்கி, வலையை உருவி, குழாய்த் தண்ணியில பின்பக்கமிருந்து கழுவி, நிழல்ல காயவச்சு மாட்டணும். பத்து நிமிஷ வேலை, செலவு ஒண்ணுமில்லை. கோடையில ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை இதைச் செய்யாம மெக்கானிக்குக்கு மட்டும் காசு கொடுக்குறது, வாசலைத் திறந்து போட்டுட்டு ஜன்னலுக்குப் பூட்டு வாங்குற மாதிரி.

500 யூனிட் கோடு: இங்கேதான் பணம் இருக்கு

இப்ப நம்ம கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டுல வீட்டு மின்கட்டணம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. முதல் 100 யூனிட் இலவசம், இது எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, 500 யூனிட்ல ஒரு கோடு கிடக்குது. 2024 ஜூலையிலிருந்து வீடுகள் கட்டுற விகிதப்படி, உங்க மொத்த உபயோகம் 500-க்குள்ள இருந்தா 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. ஆனா 500-ஐத் தாண்டிட்டா அந்த 2.35 சலுகை போயிரும். 101-லிருந்து 400 வரைக்கும் எல்லாமே 4.70 ஆயிடும். 501-க்கு மேல 8.40, 601-க்கு மேல 9.45, அப்படியே ஏறும்.

அதாவது 500 யூனிட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் 40 காசு! நம்ம ஊர்ல இந்தக் காசுக்கு நல்ல மீன் சாப்பாடே கிடைக்கும்.

இப்ப ஏசியை இதுக்குள்ள வைப்போம். உங்க ஏசியில ஒட்டியிருக்குற ஸ்டார் லேபிளைப் பாருங்க. வருஷத்துக்கு இத்தனை யூனிட்னு போட்டிருக்கும். அது வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடினாங்கிற கணக்கு. 960 யூனிட்னு இருந்தா 1,600-ஆல் வகுத்தா மணிக்கு 0.6 யூனிட். உங்க வீட்டுல இதை விடக் கூடவோ குறையவோ இருக்கலாம், ஆனா கணக்கு ஆரம்பிக்க இது போதும்.

முதல் வீடு. ராத்திரி 8 மணி நேரம் ஏசி. 60 நாளைக்கு 480 மணி நேரம், 288 யூனிட். ஃபேன், பிரிட்ஜ், மோட்டார், மிக்ஸி எல்லாம் சேர்த்து 205 யூனிட். மொத்தம் 493. பில் சுமார் 1,761 ரூபாய். அதே ஏசி அழுக்கா இருந்து 12 சதவீதம் கூடுதலா இழுக்குதுன்னு வையுங்க. 35 யூனிட் கூடுது. மொத்தம் 528. பில் 2,275 ரூபாய். வித்தியாசம் 514 ரூபாய், வெறும் 35 யூனிட்டுக்கு. யூனிட் ஒண்ணு கிட்டத்தட்ட 15 ரூபாய் விழுது! கோடையில இப்படி ரெண்டு பில் வந்தாலே ஆயிரத்தைத் தாண்டும். இந்த வீட்டுக்கு 700 ரூபாய் சர்வீஸ் லாபம்தான், சந்தேகமே இல்லை. (700-ங்கிறது கணக்குக்காக நான் வச்சது. உங்க ஊர்ல என்ன வாங்குறாங்களோ அதைப் போட்டுக்கோங்க.)

ரெண்டாவது வீடு. வயசான அப்பா அம்மா மட்டும். ஏசி 5 மணி நேரம், ரெண்டு மாசத்துல 180 யூனிட். மற்றது 150. மொத்தம் 330. அழுக்கு ஏசியால 22 யூனிட் கூடினாலும் 352 தான். எல்லாம் 4.70 விலையிலேயே வருது. வித்தியாசம் 103 ரூபாய். வருஷத்துக்கு ரெண்டு சர்வீஸ் பண்ணினா 1,400 ரூபாய் செலவு. பில்லில் மிச்சம் இருநூறோ முந்நூறோ. கரண்ட் பில்லை மட்டும் வச்சுப் பார்த்தா இந்த வீட்டுக்கு சர்வீஸ் நஷ்டம். இதை எந்த ஏசி கம்பெனி விளம்பரமும் உங்களுக்குச் சொல்லாது.

மூணாவது, ரெண்டு ஏசி ஓடுற, 700 யூனிட் வர்ற வீடு. அதுல ஏசி பங்கு 400 யூனிட்னா 12 சதவீதம்னு 48 யூனிட். 9.45 விலையில 450 ரூபாய்க்கு மேல. இவங்களுக்கும் லாபம்தான், ஆனா சர்வீஸ் செலவு ரெண்டு ஏசிக்குங்கிறதையும் சேர்த்துப் பார்க்கணும்.

உங்க போன வருஷத்து ஏப்ரல், ஜூன் பில் ரெண்டையும் எடுத்துப் பாருங்க. 480-க்கும் 560-க்கும் நடுவுல யூனிட் இருக்கா? அப்ப நீங்க முதல் வீட்டுக்காரர்.

கடலோரத்துக்காரங்களுக்குக் கணக்கே வேற

இனிமே சொல்றது மணவாளக்குறிச்சி, முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம், கன்னியாகுமரின்னு கரையை ஒட்டி இருக்குறவங்களுக்கு. நம்ம மாவட்டத்துக்கு எழுபது கிலோமீட்டர் சுற்றளவுல கடற்கரை உண்டு. அந்தக் கரையில மாடியில நிக்கிற அவுட்டோர் யூனிட்டோட எதிரி தூசி இல்லை, உப்பு.

அவுட்டோர் காயில் எப்படி இருக்கும்னா, பெரும்பாலான மாடல்கள்ல செம்புக் குழாய், அதைச் சுத்தி மெல்லிசா அலுமினியத் தகடுகள். ரெண்டு வேற வேற உலோகம் ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு இருக்குற இடத்துல உப்பு ஈரம் பட்டா, அது சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யும். அலுமினியம் கரைய ஆரம்பிக்கும். முதல்ல வெள்ளையாப் பொடி பூக்கும், பிறகு தகடு விரலால தொட்டாலே உதிரும். தகடு போச்சுன்னா சூடு வெளியே போகாது, கம்ப்ரஸர் திணறும். ஒரு கட்டத்துல குழாயிலேயே ஊசி முனை ஓட்டை விழும், கேஸ் போயிரும். அப்புறம் காயில் மாத்தணும். அது ஆயிரங்கள்ல வர்ற செலவு. முழுசாச் செம்புலயே வர்ற காயில், நீலப் பூச்சு, தங்க நிறப் பூச்சுன்னு விக்கிறாங்க. அது தள்ளிப்போடும், தடுத்து நிறுத்தாது.

வாரண்டி இருக்கேன்னு நினைக்கிறீங்களா? வாரண்டி கார்டை எடுத்து, எதுக்கெல்லாம் பொருந்தாதுன்னு இருக்குற பொடி எழுத்தைப் படிங்க. துருப்பிடிப்பு, உப்புக்காத்து பாதிப்பு அதுல இருக்கான்னு தேடுங்க. பல கார்டுகள்ல இருக்கும். "10 வருஷ வாரண்டி"ன்னு கடையில பெருசா ஒட்டியிருக்குறது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும். காயிலுக்கு இல்லை, சர்க்யூட் போர்டுக்கு இல்லை.

அப்ப கடலோரத்துல செய்ய வேண்டியது? மாசத்துக்கு ஒரு தடவை அவுட்டோர் காயில்மேல நல்ல தண்ணி விட்டுக் கழுவணும். மெயின் சுவிட்சை அணைச்சிட்டு, தோட்டத்துக்கு விடுற ஹோஸ் வேகமே போதும். எலக்ட்ரிக்கல் பொட்டி இருக்குற பக்கம் தண்ணி அடிக்காதீங்க. நல்ல தண்ணின்னு ஏன் அழுத்திச் சொல்றேன்னா, கரையோரத்துல நிறைய வீட்டுக் கிணத்துலயும் போர்லயும் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணியில கழுவினா உப்பை உப்பால கழுவின கதைதான். ஒரு வாளி குடிதண்ணி செலவாகும், பரவாயில்லை. ஆள் தொங்கித்தான் எட்ட முடியும்ங்கிற இடத்துல யூனிட் இருந்தா மட்டும் நீங்க போக வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்க. அங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது.

மெக்கானிக் வச்சுச் செய்யுற சர்வீஸ், வருஷத்துக்கு ரெண்டு. ஒண்ணு கோடைக்கு முன்னாடி, இப்ப. இன்னொண்ணு எப்பன்னு கேட்டா, ஊர்ப்பக்கம் இருக்குறவங்க ஐப்பசி மழைக்கு முன்னாடி எப்ப வேணும்னாலும் வச்சுக்கலாம். கரைக்காரங்க செப்டம்பர்ல வைங்க. ஆனி ஆடியில தென்மேற்குக் காத்துல கடல் பொங்கி அலை உடைஞ்சு சாரல் பறக்குற மாசங்கள்லதான் உப்பு அதிகமாப் படியும். அது முடிஞ்ச கையோட கழுவிடணும். அடுத்த மார்ச் வரைக்கும் அந்த உப்போட விட்டுவைக்கிறதுதான் காயிலைத் தின்னுது.

ரெண்டாவது வீட்டுக்காரருக்கு, அந்த 330 யூனிட் வீட்டுக்கு, சர்வீஸ் வேணும்னு நான் சொல்றதும் இதனாலதான். நாற்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கின ஏசி பத்து வருஷம் ஓடினா வருஷத்துக்கு 4,000. அஞ்சு வருஷத்துல காயில் போச்சுன்னா வருஷத்துக்கு 8,000. தேய்மானம்னு நாங்க புத்தகத்துல எழுதுறது இதைத்தான். 1,400 ரூபாய் சர்வீஸ் இந்த வித்தியாசத்துக்கு முன்னால சின்னத் தொகை. அதுவும் கரையிலிருந்து தள்ளி தக்கலை, குலசேகரம் பக்கம் இருந்தா, உள்ளே ஃபில்டரை ஒழுங்கா நீங்களே கழுவினா, வருஷத்துக்கு ஒரு சர்வீஸே போதும்ங்கிறது என் அபிப்பிராயம்.

வளைகுடாவுல இருந்துகிட்டு ஊர்ல வீடு பூட்டிப் போட்டிருக்குறவங்க ஒரு விஷயம். பதினோரு மாசம் ஓடாத ஏசி சுத்தமா இருக்கும்னு நினைக்காதீங்க. அவுட்டோர்ல குளவி கூடு கட்டும், பல்லி உள்ளே போய் போர்டுல ஷார்ட் ஆகும், எலி ஒயரைக் கடிக்கும். லீவுல வந்து இறங்கின ராத்திரியே சுவிட்சைப் போடாம, வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஆளை விட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்க. போர்டு ஒண்ணு மாத்துற காசுல பல வருஷத்துக்கு சர்வீஸ் பண்ணலாம்.

"கேஸ் கம்மியா இருக்கு சார்"

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே தனியா ஒரு வீடியோ போடலாம்.

கன்னியாகுமரியில லாட்ஜ் வச்சிருக்குற கிளையண்ட் ஒருத்தரோட வருஷக் கணக்கு முடிக்கும்போது, ரிப்பேர் செலவு வவுச்சர்களைப் புரட்டிக்கிட்டு இருந்தேன். ஒரே ரூம் நம்பருக்கு, ஒரே வருஷத்துல, மூணு தடவை "கேஸ் சார்ஜிங்". ஒவ்வொண்ணும் மூவாயிரம் பக்கம். செலவா எழுதுறதுல எனக்குப் பிரச்சனை இல்லை, செலவு உண்மைதான். ஆனா கேஸ் எங்கே போச்சுன்னு அவர்கிட்ட கேட்டேன். "ஓடி ஓடித் தீர்ந்திருக்கும்லா"ன்னார். தீராது! ஏசியில கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற பொருள் கிடையாது. மூடின குழாய்க்குள்ள சுத்தி வருது, அவ்வளவுதான். குறைஞ்சிருந்தா எங்கேயோ கசியுது. கசிவை அடைக்காம கேஸ் ஏத்துறது ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கிறது. வேற ஆளை விட்டுப் பார்த்தப்ப, குழாய் மூட்டுல நட் இறுக்கம் சரியில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அதனால "கேஸ் கம்மி"ன்னா உடனே சரின்னு சொல்லாதீங்க. முதல்ல காயிலைக் கழுவி முடிக்கட்டும். அழுக்கு காயிலும் கூலிங்கைக் குறைக்கும், கேஜ்ல அளவைத் தப்பாக் காட்டும். கழுவின பிறகும் கம்மின்னா, கேஜ்ல எவ்வளவு காட்டுது, கசிவு எங்கேன்னு கேளுங்க. சோப்பு நுரை வச்சோ நைட்ரஜன் அடிச்சோ காட்டணும். (ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்து அடிச்சுப் பார்க்குறேன்னு சொன்னா ஆளை உடனே நிறுத்துங்க. உள்ளே எண்ணெய் இருக்கு, வெடிக்கும்.) கசிவை அடைச்சு, வேக்குவம் போட்டு, பிறகு எடை போட்டு கேஸ் ஏத்தணும். எத்தனை கிராம், எந்த வகைன்னு அவுட்டோர்ல ஒட்டியிருக்குற பிளேட்லயே எழுதியிருக்கும். இப்ப வர்ற ஏசியில பெரும்பாலும் ஆர்-32. அது தீப்பிடிக்கக்கூடிய வகை, மூடின ரூம்ல வேலை பார்க்கும்போது சிகரெட் கூடாது.

சரியான சர்வீஸ்னா என்னங்கிறதையும் தெரிஞ்சுக்கோங்க. ஃபில்டரைத் தட்டிட்டு, மேல துணியால துடைச்சிட்டு இருபது நிமிஷத்துல கிளம்புறது சர்வீஸ் இல்லை. உள் யூனிட்டுக்குக் கீழே பை மாதிரி கவர் மாட்டி, போர்டை மூடி, காயிலையும் புளோயரையும் ஜெட் பம்ப் வச்சுக் கழுவணும். வர்ற தண்ணி கறுப்பா வரும், தெளிவா வர்ற வரைக்கும் கழுவணும். டிரெய்ன் டிரே, பைப் ரெண்டையும் சுத்தம் பண்ணணும். அவுட்டோரைக் கழுவணும். கடைசியா ஓடவிட்டு கிளாம்ப் மீட்டர்ல ஆம்பியர் பார்க்கணும். நீங்களும் ஒரு சாதாரண தெர்மாமீட்டர் வச்சு, ஏசிக்குள்ள போற காத்துக்கும் வெளியே வர்ற காத்துக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம்னு பாருங்க. 8-லிருந்து 12 டிகிரிக்குள்ள இருந்தா பரவாயில்லை. சர்வீஸுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு எழுதி வையுங்க. அடுத்த வருஷம் அதே நோட்டு உங்களுக்கு உதவும்.

நுரை சர்வீஸ், துரு தடுப்பு ஸ்ப்ரே, கிருமி நாசினின்னு மேல மேல அடுக்குவாங்க. நுரை கெட்டது இல்லை, ஆனா தண்ணி வேகமா அடிச்சுக் கழுவுறதுக்கு அது மாற்று இல்லை. "சார், ஏசியில லீஜியோனேர்ஸ்னு ஒரு கிருமி வரும், நிமோனியா ஆயிடும்"னு பயமுறுத்துறவங்களும் உண்டு. அந்த நோய் உண்மைதான். 1976-ல் அமெரிக்காவுல பிலடெல்பியா நகரத்து ஹோட்டல் ஒண்ணுல நடந்த மாநாட்டுலதான் முதல்ல அடையாளம் கண்டாங்க. ஆனா அது பெரிய கட்டடங்களோட கூலிங் டவர் மாதிரி தண்ணியால குளிர்விக்கிற அமைப்புகள்ல வளர்றது. வீட்டு ஸ்பிளிட் ஏசி தண்ணியால குளிர்விக்கிறது இல்லைங்கிறதால அந்தப் பயம் வேண்டாம்னு அமெரிக்க நோய்த் தடுப்பு மையமே சொல்லுது. பூஞ்சை வாடையால தும்மல், ஆஸ்துமாக்காரங்களுக்குத் தொந்தரவு வர்றது வேற விஷயம். அதுக்குக் கழுவினாலே போதும்.

ஏஎம்சி எடுக்கலாமா? பில்லில் என்ன பார்க்கணும்?

வருஷ ஒப்பந்தம் ரெண்டு வகை. உழைப்பு மட்டும் ஒரு வகை, பாகங்களும் சேர்த்து இன்னொரு வகை. உழைப்பு மட்டும்னா கணக்கு சுலபம். 2,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டி 360-ம் சேர்த்து 2,360-க்கு நாலு தடவை வருவாங்கன்னு வைங்க. ஒரு தடவை 590. வெளியில 700. லாபம் மாதிரி தெரியும். ஆனா உங்களுக்குத் தேவை ரெண்டு தடவைதான்னா ஒரு தடவைக்கு 1,180 ஆச்சு! தேவையில்லாததைத் தள்ளுபடியில வாங்குறது சேமிப்பு இல்லை. பாகங்களும் சேர்த்த ஒப்பந்தம்னா கேஸ், காயில், போர்டு மூணும் உள்ளே இருக்கான்னு பேர் சொல்லிக் கேட்டு, எழுத்துல வாங்குங்க. வாரண்டி முடிஞ்ச, கடலோர வீட்டு ஏசிக்கு அது நியாயமான விலைக்குக் கிடைச்சா எடுக்கலாம். புது ஏசிக்கு எடுக்க வேண்டாம்.

அடுத்து, பில். "700 பிளஸ் ஜிஎஸ்டி"ன்னு சொல்லி 826 வாங்குறாங்க, கையில ஒரு துண்டுச் சீட்டு. அதுல ஜிஎஸ்டி நம்பர் இருக்கா? சேவைத் தொழில்ல வருஷ வரவு 20 லட்சத்துக்குள்ள இருக்குற சின்ன மெக்கானிக் பொதுவா பதிவு பண்ணத் தேவையில்லை, அதுல தப்பும் இல்லை. ஆனா பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டின்னு தனியா வாங்கச் சட்டத்துல இடமே கிடையாது. காம்போசிஷன் திட்டத்துல இருக்குறவரும் உங்ககிட்ட வரியைத் தனியா வாங்கக் கூடாது. நம்பர் இருந்தா ஜிஎஸ்டி இணையதளத்துல அடிச்சுப் பாருங்க, அரை நிமிஷம்.

இதோட ஒரு பக்கக் குறிப்பு. பழைய ஏசியோட காயில் போச்சு, மாத்தவா புதுசு வாங்கவான்னு நிக்கிறவங்க, 2025 செப்டம்பர் 22-லிருந்து ஏசிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆக் குறைஞ்சிருச்சுங்கிறதைக் கணக்குல சேர்த்துக்கோங்க. ரிப்பேர் செலவு புது ஏசி விலையில பாதியைத் தொட்டு, ஏசிக்கு எட்டு வயசும் ஆயிருந்தா, நான் புதுசு பக்கம்தான் போவேன்.

வாடகைக்கு விட்டவங்க கேட்பாங்க: "ஏசி சர்வீஸ் செலவை வருமான வரியில கழிக்கலாமா?" தனியாக் கழிக்க முடியாது. வாடகை வருமானத்துல 30 சதவீதம் நிலையான கழிவு கிடைக்குது, நீங்க செலவு பண்ணினாலும் பண்ணாட்டாலும். அதுக்குள்ளதான் இதுவும். அதனால யார் சர்வீஸ் பண்ணணும்ங்கிறதை வாடகை ஒப்பந்தத்துல ஒரு வரியா எழுதிடுங்க. கிளினிக், கடை, ஆபீஸ் ஏசின்னா அது தொழில் செலவு, பில் பத்திரம்.

ஏசியை விட்டா நம்ம ஊர்ல "ஹீட்டிங்"னு சொல்ல கீசர் மட்டும்தான். தண்ணி கடினமான இடத்துல ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை உள்ளே படியுற சுண்ணாம்பை எடுத்து, ஆனோட் ராடைப் பார்த்து, சேஃப்டி வால்வை சோதிக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் பெருசா இல்லை.

துபாயிலும் டொராண்டோவிலும் இருக்குறவங்களுக்கு

உங்க வீடுகள்ல சென்ட்ரல் ஏசி, சுவருக்குள்ள டக்ட் ஓடும். "டக்ட் கிளீனிங்" விக்கிறவங்க போன் கனடாவுல எவ்வளவு தொல்லைன்னு உங்களுக்கே தெரியும். அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நிலைப்பாடு தெளிவா இருக்கு. டக்ட்டை வழக்கமா சுத்தம் பண்ணுங்கன்னு அவங்க சொல்லலை. உள்ளே கண்ணுக்குத் தெரியுற பூஞ்சை, எலி அல்லது பூச்சி, காத்துல தூசி கொட்டுற அளவுக்கு அடைப்பு, இப்படி இருந்தாப் பண்ணுங்கன்னுதான் சொல்றாங்க. சுத்தம் பண்ணினா நோய் வராதுன்னு நிரூபணம் இல்லைன்னும் சொல்றாங்க. ஃபில்டரை நேரத்துக்கு மாத்துங்க, அதுதான் முதல் செலவு. துபாய்ல வாடகை வீடுன்னா ஒப்பந்தத்தைப் பாருங்க. 2007-ஆம் ஆண்டின் 26-ஆம் எண் வாடகைச் சட்டப்படி, வேற மாதிரி எழுதிக்கொள்ளாத வரைக்கும் பராமரிப்பு வீட்டு உரிமையாளர் பொறுப்பு.

கடைசியா, இங்கே நம்ம ஊர்ல காசு வாங்கிட்டு வேலையை ஒழுங்காச் செய்யலைன்னா, அல்லது கழுவும்போது போர்டை நனைச்சுக் கெடுத்துட்டாங்கன்னா, பில்லும் போட்டோவும் வச்சுக்கிட்டு 1915-க்குக் கூப்பிடுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண். முடியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா புகாருக்குக் கட்டணமே இல்லை. ஆனா பில் இல்லாம போனா அங்கே உங்க பேச்சு எடுபடுறது கஷ்டம். ஐம்பது ரூபாய் குறையுதுன்னு பில் வேண்டாம்னு சொல்றவங்க இதை யோசிச்சுக்கோங்க.

500 யூனிட் கணக்குக்கு நான் போட்டு வச்ச எக்ஸெல் ஷீட்டோட லிங்க் வீடியோவுக்குக் கீழே டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. லேபிள்ல இருக்குற யூனிட், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், மற்ற உபயோகம், மூணு எண்ணையும் போடுங்க, பில் தானா வரும். கட்டண விகிதம் மாறினா மஞ்சள் கட்டத்துல இருக்குற விலையை மட்டும் மாத்திக்கோங்க.